சிறிய பள்ளி யாருக்குக் குறை? அடையாறு முதல் பெரும்பாக்கம் வரை

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலைக்குச் செல்லும் எவரும் தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளைக் காணாமல் செல்ல இயலாது. 'மாண்டிசோரி முறை', 'செயல்வழிக் கற்றல்', 'ஒரு வகுப்பில் குறைந்த எண்ணிக்கையிலான மாணவர்கள்' என்பவையே அவற்றின் விற்பனைச் சொற்கள். குறைந்த எண்ணிக்கை அங்கே ஒரு தகுதி. அதற்குத் தனி விலையும் உண்டு. அதே சாலைகளை ஒட்டிய சேரிகளிலும் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் இயங்கும் அரசுப் பள்ளியிலோ ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலோ ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தால், அது 'மாணவர் எண்ணிக்கைக் குறைவு' எனக் கோப்பில் ஏறுகிறது. அடுத்து 'ஆசிரியர் உபரி', அதற்கடுத்து 'அருகிலுள்ள பள்ளியுடன் இணைப்பு'. இருபது என்ற ஒரே எண் பணமுள்ளவரின் பிள்ளைக்குத் தரமாகவும் தலித் பிள்ளைக்குக் குறைபாடாகவும் எவ்வாறு மாறுகிறது என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி.

புதிய கற்பித்தல் முறைகள் வசதி படைத்தோரின் பள்ளிகளில் தோன்றி, பின்னர் மெல்ல அரசுப் பள்ளிகளுக்கு இறங்கி வருகின்றன என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. வரலாறு பெரிதும் இதற்கு நேர்மாறானது. மரியா மாண்டிசோரி 1907ஆம் ஆண்டு தமது முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கட்டடத்தின் மாடிப்படிகளில் அலைந்து திரிந்த பிள்ளைகளுக்காகவே அது தொடங்கப்பட்டது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப்போர்க் காலத்தை இந்தியாவிலேயே கழித்தார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இன்று அதே தென்சென்னையில் யாருக்காக நடக்கின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாண்டிசோரி வருவதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அடையாறு ஊரூரில் ஒரு சிறிய பள்ளி தொடங்கிவிட்டது. பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894இல் தலித் பிள்ளைகளுக்காக அங்கு ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. இவையே 'பஞ்சமர் இலவசப் பள்ளிகள்' என அறியப்பட்டவை. பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டுடன் இணைந்து செயல்பட்ட காலம் அது. 1898இல் இருவரும் இலங்கை சென்றதும், அங்கு பண்டிதர் பௌத்தம் ஏற்றதும் நாமறிந்த வரலாறு. 'பஞ்சமர்' என்ற பெயரைப் பண்டிதர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர்ப்பலகைச் சிக்கல் நேற்றுத் தோன்றியதன்று.

அப்பள்ளிகளில் நடந்த கற்பித்தல் குறித்துப் பேசுவோர் குறைவு. அமெரிக்காவிலிருந்து வந்த செல்வி பால்மர் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்று, கிண்டர்கார்டன் முறையை அங்கு புகுத்தினார். உடன் பணியாற்றிய அல்மீ கோர்ட்ரைட் அம்முறையை விளக்கி 1906இல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலே எழுதினார். மனப்பாடமும் பிரம்பும் கல்வியெனக் கருதப்பட்ட காலத்தில், பொருள்களைக் கையாண்டும் பாடியும் ஆடியும் தாய்மொழியில் கற்கும் முறை சென்னை நகரில் யாரிடம் சோதிக்கப்பட்டது? அக்கிரகாரத்துப் பிள்ளைகளிடம் அன்று. பட்லர்கள், தோட்டிகள், கூலிகள் ஆகியோரின் பிள்ளைகளிடம்.

ஆனால் அந்த முயற்சிக்கு ஓர் உச்சவரம்பும் வைக்கப்பட்டிருந்தது. எழுத்தும் எண்ணும், அன்றாட வாழ்வுக்குப் பயன்படும் சில கைத்திறன்களும், தொடக்க வகுப்புகளோடு முடிவும் என்பதே திட்டம். உயர்கல்வி அந்தப் பிள்ளைகளுக்கான இலக்காகக் கருதப்படவில்லை. ஆல்காட் மறைந்த இரண்டாம் ஆண்டில், 1909இல், அதே சபையின் தலைவரான அன்னி பெசன்ட் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரையில், ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளை ஏனைய பிள்ளைகளுடன் ஒரே பள்ளியில் அமர்த்தக்கூடாது என வாதிட்டார். அதற்குத் தூய்மையையும் பழக்கவழக்கங்களையும் காரணமாகக் காட்டினார். காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்ததென்ன என்பது குறித்த தமது 1945ஆம் ஆண்டு நூலில் அண்ணல் அம்பேத்கர் அக்கட்டுரையை எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தியிருக்கிறார். ஆல்காட் பெயரிலான பள்ளி இன்றும் நிற்பது பெசன்ட் நகரில்தான். தெருப்பெயர்களுக்கு நினைவாற்றல் கிடையாது போலும்.

முறை புதியது, எல்லை பழையது. இந்த முரண் நூற்றாண்டைக் கடந்தும் தொடர்கிறது என்பது நமது கணிப்பு.

தலித் தரப்பிலிருந்தே இதற்கு எதிரான ஒரு மரபும் இருந்தது. பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி.ராஜாவைச் சட்டமன்றத் தலைவராக மட்டுமே நினைவுகூர்கிறோம். அவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர், குழந்தைப் பாடல்களைத் தொகுத்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற நூலை ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து உருவாக்கியவர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிறு அளவில் தொடங்கிய நந்தனார் பள்ளி பிற்காலத்தில் உயர்நிலைப் பள்ளியாகவும் மேல்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. சேரிகள்தோறும் நடந்த அம்பேத்கர் இரவுப் பாடசாலைகளையும் இவ்வரிசையில் வைக்க வேண்டும். தெருவிளக்கின் கீழும் சாவடியிலும் ஒரே ஆசிரியர் எல்லா வயதுப் பிள்ளைகளையும் அமர்த்தி, மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்த அந்த ஏற்பாட்டைக் கல்வியியலாளர்கள் பின்னாளில் 'பல்வகுப்புக் கற்பித்தல்' என்றும் 'சக மாணவர் வழிக் கற்றல்' என்றும் பெயரிட்டு அழைத்தனர்.

ஏணியும் அட்டைகளும்

தமிழ்நாட்டின் அண்மைக்காலக் கல்விச் சோதனைகளுள் மிகப் பெரியது செயல்வழிக் கற்றல். அதன் வேரும் எங்கிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. எம்.பி.விஜயகுமார் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளைக் கண்டார். பள்ளிக்கே வராத பிள்ளைகள் அங்கு விரைவாகக் கற்பதையும், முறையான பள்ளிகளில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்த பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறுவதையும் ஒப்பிட்டதில் அவருக்கு எழுந்த கேள்வியே தொடக்கம். பின்னர் அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, ஆந்திரத்தின் ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்டிருந்த அட்டைமுறையை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் கண்டு திரும்பினர். 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் சோதனை தொடங்கி, எல்லா மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2007இல் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது.

அம்முறையில் பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு சின்னம், சுவரில் ஓர் ஏணிப்படம். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே ஏணியில் கண்டு, தனக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, உரிய குழுவில் பாயில் அமரும். ஆசிரியரும் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். பிள்ளையின் உயரத்துக்குச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை அமைக்கப்பட்டது. பத்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்து தொடரலாம். வகுப்பு அவளைக் கைவிட்டு முன்னே சென்றிருக்காது.

இந்தக் கடைசிக் கூறு நம் பிள்ளைகளுக்கு எத்தனை பெரியது என்பதை எண்ணிப் பாருங்கள். செங்கற்சூளைக்குப் பெற்றோருடன் இடம்பெயரும் பிள்ளைக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமிக்கும், குடிசை இடிக்கப்பட்டு ஆண்டின் நடுவில் முப்பது கிலோமீட்டர் தள்ளி எறியப்பட்ட பிள்ளைக்கும் 'விட்ட இடத்திலிருந்து தொடரலாம்' என்பது வெறும் கற்பித்தல் உத்தி அன்று, அவர்கள் கல்வியில் நீடிப்பதற்கான நிபந்தனை. ஒடுக்கப்பட்டோரின் வாழ்வு எப்போதும் இடைவெளிகளால் ஆனது. அவ்விடைவெளிகளைத் தண்டிக்காத ஒரே பள்ளிமுறை அதுவே.

குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தபின் மாற்றப்படாத பள்ளிகள் உண்டு. மேலிருந்து ஆணையாக வந்ததால் ஆசிரியர்கள் சடங்காகச் செய்த பள்ளிகளும் உண்டு. அடுத்தடுத்து வந்த திட்டங்கள் அதனை ஓரங்கட்டின. கொரோனா இடைவெளிக்குப் பின் 2021இல் இல்லம் தேடிக் கல்வியும், 2022இல் அரும்பு, மொட்டு, மலர் என நிலைகளாகப் பிரிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. இல்லம் தேடிக் கல்வியின் மாலை வகுப்புகளை நடத்தியோர் பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த இளம்பெண்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். இரவுப் பாடசாலையின் உழைப்பை அரசு ஏற்றுக்கொண்டது என மகிழ்வதா, அதன் கூலியையும் ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டது என வருந்துவதா என்று தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பின் வாசலில்

மேற்கண்ட எல்லாம் தொடக்கப் பள்ளியோடு நின்றுபோகின்றன என்பதே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது. நடுநிலை வகுப்புகளுக்கென 'படைப்பாற்றல் கல்வி' என ஒன்று வந்தது. மனவரைபடம் வரைவதே அதன் அடையாளமாகச் சுருங்கியது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் அதுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டமே 14 வயதோடு விலகிக்கொள்கிறது. அதற்குப் பின் உயர்நிலைப் பள்ளியில் நடப்பது பெரும்பாலும் பொதுத்தேர்வுப் பயிற்சி: 'முக்கிய வினாக்கள்', காலைச் சிறப்பு வகுப்பு, மாலைத் தேர்வு, 'மெல்லக் கற்போர்' எனத் தனிப் பட்டியல். அந்தப் பட்டியலில் யாருடைய பெயர்கள் உள்ளன என்பதைச் சாதிவாரியாக யாரேனும் கணக்கெடுத்தால் நல்லது. தேர்ச்சி விழுக்காடு குறையும் என்ற அச்சத்தில் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளை 'வேறு வழி பார்க்க' அறிவுறுத்தும் வழக்கம் ஊரறிந்த இரகசியம்.

ஆல்காட் காலத்தில் தொடக்க வகுப்புகளின் முடிவில் எழுப்பப்பட்ட சுவர் இன்று எட்டாம் வகுப்பின் முடிவுக்கு நகர்ந்திருக்கிறது. நகர்ந்தது முன்னேற்றமே. ஆனால் சுவர் சுவர்தான்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்று பெயர்களை இங்கே சொல்லாமல் தென்சென்னைப் புறநகர்க் கல்வி குறித்து எதுவும் பேச முடியாது. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் கட்டப்பட்டன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், குறிப்பாக 2015 வெள்ளத்திற்குப் பின், பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளில் குவிக்கப்பட்டன. அவர்களுள் பெரும்பான்மையோர் தலித்துகள். பல வெளியேற்றங்கள் கல்வியாண்டின் நடுவில், தேர்வுகளுக்கு முன்னர் நடந்தன. பழைய பள்ளிக்குப் பேருந்தில் சென்று வர முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகளைக் களப்பணியாளர்கள் தொடர்ந்து பதிவு செய்துள்ளனர். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்காவது புதிய இடத்தில் ஏதோ ஒரு பள்ளி கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் வேரறுக்கப்பட்டவனுக்கு 'விட்ட படியிலிருந்து தொடரும்' ஏணி எங்கே?

சிறிய உயர்நிலைப் பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானவை என்பதே நமது வாதம். காரணம் எளியது. வகுப்புக்கு ஒரு பிரிவு மட்டுமே உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஆறு முதல் பத்து வரை, பாடத்துக்கு ஒருவராகப் பொதுவாக ஐந்து பட்டதாரி ஆசிரியர்களே இருப்பர். அதே ஐந்து பேர் ஒரு பிள்ளையை அதன் பதினொன்றாம் வயதிலிருந்து பதினைந்து வரை காண்கின்றனர். அவள் அப்பா எப்போது வேலை இழந்தார், எப்போது அவள் கண்ணாடி தேவைப்பட்டுக் கரும்பலகையைப் பார்க்காமல் இருந்தாள், எந்தக் கணக்கில் அவளுக்கு முதன்முதலில் அச்சம் தொடங்கியது என்பவை அவர்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ள வாய்ப்புண்டு. இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் அவள் ஒரு எமிஸ் எண்.

உலக அனுபவமும் இதனை ஓரளவு உறுதிசெய்கிறது. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் படித்த சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியை டெபோரா மையர் 1985இல் தொடங்கினார். அங்கு வரலாறும் இலக்கியமும் ஒரே நீண்ட பாடவேளையில் இணைக்கப்பட்டன. ஒவ்வோர் ஆசிரியரும் சந்திக்கும் மாணவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. மாணவர் தாம் செய்த ஆய்வுகளையும் எழுத்துகளையும் ஒரு குழுவின் முன் வைத்து, வாதிட்டு நிலைநாட்டினால்தான் பள்ளிப்படிப்பு நிறைவுறும். 'இதற்குச் சான்று என்ன?', 'இது யாருடைய பார்வை?', 'இது எதனோடு தொடர்புடையது?' என்பன போன்ற கேள்விகளே அப்பள்ளியின் பாடத்திட்டம். பின்னர் 2002 முதல் நியூயார்க் நகரம், சரிந்து கிடந்த பெரிய பள்ளிகளை மூடி நூற்றுக்கும் மேற்பட்ட சிறிய உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தது. குலுக்கல் முறையில் இடம் பெற்ற பிள்ளைகளையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட நீண்டகால ஆய்வு, சிறிய பள்ளிகளில் படித்தோர், கறுப்பின மாணவர் உட்பட, கூடுதலாகப் பள்ளிப்படிப்பை முடித்ததைக் காட்டியது. ஆயினும் அந்நாட்டின் பிற நகரங்களில் பள்ளியைச் சிறிதாக்கியதோடு நின்றவை பெரிய மாற்றத்தைத் தரவில்லை. இதற்குப் பெருந்தொகை செலவிட்ட பில் கேட்ஸே 2009இல் அதனை ஒப்புக்கொண்டார். அளவு ஒரு வாய்ப்பு மட்டுமே. அதனுள் என்ன நடக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

நம் புறநகரில் என்ன நடக்கலாம்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஓரத்துத் தாழ்நிலத்தில்தான் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நிற்கின்றன. மழைதோறும் நீர் சூழ்கிறது. ஒன்பதாம் வகுப்புப் புவியியல், அறிவியல், கணக்கு, தமிழ் ஆகிய நான்கும் ஒரே கேள்வியில் இணையலாம்: எங்கள் வீட்டுக்குள் ஏன் தண்ணீர் வருகிறது? நீரின் உயரத்தை அளக்கலாம், பழைய வரைபடத்தைப் புதியதோடு ஒப்பிடலாம், முதியவர்களிடம் பழைய குடியிருப்பு குறித்துக் கேட்டு எழுதலாம், மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனு வரையலாம். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படிக்கும் பிள்ளைக்கு அடையாறு ஆறே பாடநூல். இதற்கு ஹைடெக் ஆய்வகமும் தேவையில்லை. ஐந்து ஆசிரியர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசி முடிவெடுக்க வாரத்துக்கு இரண்டு மணிநேரம் தேவை. சிறிய பள்ளியில் அது நடக்கக்கூடியது.

அரசும் சில நல்ல முயற்சிகளைத் தொடங்கியுள்ளது. நடமாடும் அறிவியல் ஆய்வகமான 'வானவில் மன்றம்' 2022 நவம்பரில் திருச்சி அருகே ஓர் ஆதிதிராவிடர் நல மகளிர் மேல்நிலைப் பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. மறுபுறம், ஓவியம், தையல், உடற்கல்வி ஆகியவற்றுக்கென 2012இல் 5,000 ரூபாய் ஊதியத்தில் அமர்த்தப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகப் பணிநிரந்தரம் கோரித் தெருவில் நின்றனர். கண்ணகி நகர் அடுக்குமாடிகளின் சுவர்களில் புகழ்பெற்ற ஓவியர்கள் வரைந்தபோது படமெடுக்கப் பலர் வந்தனர். அதே பகுதியைச் சேர்ந்த கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடியபோது பாராட்டுகள் குவிந்தன. ஓர் ஆடுகளத்தில் ஒரு பயிற்சியாளர் நாள்தோறும் அதே சில பெண்பிள்ளைகளுடன் இருந்ததால் விளைந்தது அது. வகுப்பறையில் அத்தகைய தொடர்ச்சி ஏன் மறுக்கப்படுகிறது என்று கேட்டோர் சிலரே.

இணைப்பு என்ற சொல்

இந்நிலையில்தான் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் எதிர்காலம் விவாதத்தில் உள்ளது. மாநிலம் முழுவதும் 1,100க்கும் மேற்பட்ட இப்பள்ளிகளில் உயர்நிலைப் பள்ளிகள் ஏறத்தாழ நூறு. பொதுப்பள்ளிகள் நம் பிள்ளைகளை ஏற்க மறுத்த காலத்தில், 1920களில் தொழிலாளர் துறை திறந்த பள்ளிகளின் வழிவந்தவை இவை. வெவ்வேறு துறைகளின் கீழ் இயங்கும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என 2023 மார்ச் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதே ஆண்டு நாங்குநேரியில் தலித் மாணவர் மீது நடந்த கொடுந்தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி குறிக்கும் சொற்களை நீக்கவும் ஒரே துறையின் கீழ் கொண்டுவரவும் பரிந்துரைத்தது.

தலித் இயக்கங்களுக்குள் இதில் இருவேறு கருத்துகள் உள்ளன. இரண்டிலும் நியாயம் உண்டு. 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்ற பலகை உள்ளவரை பிற சாதிப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், தனிமைப்படுத்தல் தொடரும் என்பது ஒன்று. தனித்துறையும் அதன் நிதியும் நிலமும் விடுதியும் போராடிப் பெற்றவை, பொதுத்துறையில் கரைந்தால் கேட்க ஆளிருக்காது என்பது மற்றொன்று. பலகை போகட்டும் என்பதே நமது நிலைப்பாடு. அயோத்திதாசர் பெயரைத் தாம்பரம் சித்த மருத்துவமனைக்குச் சூட்ட முடிந்த நாட்டில், பள்ளிகளுக்குச் சூட்ட நல்ல பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் துறை மாற்றம், 'மாணவர் எண்ணிக்கைக் குறைவு' என்ற அளவுகோலைப் புதிதாக இப்பள்ளிகள் மீது வீசுவதற்கான வாசலாகிவிடக்கூடாது. பிள்ளைகள் குறைவது ஏன் என்ற கேள்விக்கு விடை துறையிடமே இருக்கிறது. காலிப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படவில்லை, கழிப்பறைகள் பழுதடைந்தன, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் கொடுத்துப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பியது, நன்கு படிக்கும் ஒன்றிரண்டு பேரையும் மாதிரிப் பள்ளிகள் தேர்ந்தெடுத்துக்கொண்டன. இவ்வளவும் செய்தபின் எஞ்சியோரை எண்ணி 'இருபதுதான்' என்பது கணக்காகாது.

எனவே துறை மாற்றத்திற்கு முன் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. ஆறு முதல் பத்து வரையிலான பள்ளியில் மாணவர் எண்ணிக்கை எதுவாயினும் ஐந்து பாட ஆசிரியர் பணியிடங்கள் குறைக்கப்படா என்ற அரசாணை வேண்டும். பள்ளி நிலமும் விடுதியும் நம் மக்களின் கல்விக்கன்றி வேறெதற்கும் மாற்றப்படக்கூடாது. 2024இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின்படியான நிதி எந்தப் பள்ளிக்கு எவ்வளவு சென்றது என்பது ஆண்டுதோறும் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். வெளியேற்றத்தால் இடம்பெயரும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, புதிய இடத்தில் விட்ட பாடத்திலிருந்து தொடரும் ஏற்பாடு செய்யப்படும்வரை எந்தக் குடியிருப்பும் இடிக்கப்படக்கூடாது.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானபோது அதன் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 முதல் வசந்தகுமாரி கமலக்கண்ணன் அப்பொறுப்பை ஏற்றார். சென்னை மாநகராட்சியைப் போலத் தாம்பரம் மாநகராட்சி தானே பள்ளிகளை நடத்துவதில்லை. இங்குள்ள அரசுப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் உள்ளவை. ஆகவே இக்கோரிக்கைகளைச் செங்கல்பட்டில் உள்ள மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்திற்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திற்கும் தனித்தனியே அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு முன், பள்ளி மேலாண்மைக் குழுக்களின் தலைவர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்ற விதியை நம் தோழர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். குழுவின் தீர்மானப் பதிவேட்டில் ஆசிரியர் பணியிட விவரத்தை இந்த மாதமே ஏற்றிவிட்டால், 'உபரி' என்று கோப்பு வரும் நாளில் காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இருக்கும்.